சிங்கம் போட்ட காகிதம்

தருமபுரி
5.8.2024

அன்பு மகள் ஆஷிகாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சென்னை வெயிலும் ஹாஸ்டல் சாப்பாடும் உன்னை என்ன செய்கின்றன? இங்கே நானும் உன் அம்மாவும் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை. அது எப்போதும் எங்களோடு சேராது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். நான் ஒரு சந்தேகம் கேட்டால் பாப்பாரப்பட்டியில் நாலு வீட்டுக்குக் கேட்கிறது. என் சந்தேகங்களோ பத்தாம் வகுப்போடு நின்றவனின் சந்தேகங்கள். அதனால் தருமபுரியில் நம் பிரேம் கடையிலிருந்து எழுதுகிறேன். பதிலையும் கடை விலாசத்துக்கே போடு.

நீ முதல் தேர்வில் தேறியதிலிருந்து எல்லாரும், "பாய், உங்க பொண்ணு சேரப்போற ஆபீஸ்ல என்ன வேலைங்க?" என்கிறார்கள். செபி என்றேன். பேங்குங்களா என்றார்கள். இல்லை. போலீஸுங்களா? இல்லை. "அப்ப என்னதாங்க?" என்று பஸ்ஸில் ஒருவர் விடாமல் கேட்டதால், "ஷேர் மார்க்கெட்டுக்கு வாத்தியார் மாதிரிங்க" என்று சொல்லித் தப்பித்தேன். பக்கத்து சீட்டில் இருந்த நிஜ வாத்தியார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்த அலுவலகம் ஏன் வந்தது, அதற்கு முன்னால் யார் காவல் இருந்தார்கள், எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

கடையில் வேலை நன்றாக இருக்கிறது. மாதவராஜ் என்று ஒரு கம்பெனிக்காரர் நாற்பது பிரேம் ஆர்டர் கொடுத்திருக்கிறார். ஓரத்துக்குத் தேக்குக் கலர் பீடிங், மேலே அசல் கண்ணாடி. எல்லாரும் லேமினேஷன் கேட்கிற காலத்தில் கண்ணாடி கேட்கிறவர் நல்லவராகத்தான் இருப்பார்.

காலையில் வெறும் டீயோடு நிறுத்தாதே.

துஆவுடன்,
அப்பா நூர் பாஷா

---

சென்னை
19.8.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நான் நலம். முழங்காலுக்கு எண்ணெய் தடவுகிறீர்களா, அல்லது எண்ணெய் பாட்டிலை வாங்கி வைத்ததோடு சரியா?

உங்கள் கேள்வி என் பாடத்தில் முதல் அத்தியாயம். வெள்ளைக்காரன் காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிகள் தெருவுக்கு ஒன்றாக முளைத்தன. பிரீமியம் வாங்கும்போது இருந்த போர்டு, ஆள் இறந்தபோது இல்லை. அதனால் 1938இல் ஒரு பெரிய சட்டம் போட்டார்கள். அதுவும் போதவில்லை. 1956இல் இருநூற்று நாற்பத்தைந்து ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களையும் சங்கங்களையும் அரசாங்கமே எடுத்துக்கொண்டது. பிறகு 1999இல் கதவைத் திறந்து தனியாரை விட்டார்கள். வாசலில் தனிக் காவலாக ஓர் ஆணையம்.

ஷேர் கதை வேறு. 1947 சட்டப்படி டெல்லியில் ஓர் அதிகாரி இருந்தார். ஒரு கம்பெனி மக்களிடம் பணம் கேட்கலாமா, ஒரு ஷேரை என்ன விலைக்கு விற்கலாம் என்பதுவரை அவர் கையெழுத்து வேண்டும். செபி 1988இல் வந்தது, ஆனால் அப்போது அதற்குப் பல் இல்லை. 1992இல்தான் அதிகாரம் கொடுத்தார்கள். டெல்லி அதிகாரியின் வேலையும் அந்த வருடத்தோடு முடிந்தது. இப்போது கம்பெனி நல்லதா கெட்டதா என்று செபி சொல்லாது. கம்பெனி எல்லா உண்மையையும் வெளியே சொல்லியிருக்கிறதா என்று பார்க்கும். அதைப் படித்து முடிவெடுப்பது உங்கள் பாடு.

புரிந்ததா? இரண்டாம் தேர்வு அக்டோபரில். துஆ செய்யுங்கள்.

உங்கள்,
ஆஷிகா

---

தருமபுரி
9.9.2024

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் கிடைத்தது. எண்ணெய் பாட்டில் பத்திரமாக இருக்கிறது.

நாலு தடவை படித்தேன். புரிந்ததைச் சொல்கிறேன், திருத்து. முன்காலத்தில் மாப்பிள்ளை பார்க்க மாமா போவார். அவர் சரி என்றால் கல்யாணம். ஏதாவது கோளாறு என்றால் மாமாவைப் பிடித்துத் திட்டலாம். இப்போது மாமா, "பயோடேட்டாவில் எழுதியிருப்பது உண்மையா என்று மட்டும் பார்ப்பேன், கட்டிக்கொள்வது உன் பாடு" என்கிறார். இதற்கு எதற்கு மாமா என்று உன் அம்மா கேட்பாள். நான் கேட்கவில்லை.

இன்சூரன்ஸ் பக்கம் எனக்குத் திருப்தி. போன மாதம் வத்தல்மலையிலிருந்து தீர்த்தம்மாள் என்று ஒரு அம்மா புருஷன் போட்டோவுக்கு பிரேம் போட வந்தார். தொப்பூர் கணவாயில் லாரி இடித்துப் போய்விட்டாராம். இன்சூரன்ஸ் பணம் ஒழுங்காக வந்துவிட்டது என்றார். உன் 1938 வீண்போகவில்லை. கூலியில் பாதிக்குப் பதிலாக அரைப் படி மிளகு கொடுத்தார், அவர் தோட்டத்து மிளகு. உன் அம்மா ரசம் வைத்தாள், தெருவே தும்மியது.

ஒரு சந்தேகம். இது கடைக்கு வந்த ஒருவர் கேட்டது. ஒரு கம்பெனியிடம் மேலே மூன்று சிங்கம் போட்ட சான்றிதழ் இருக்கிறது, இந்திய அரசாங்கம் என்று அச்சடித்திருக்கிறது. அப்படியென்றால் சர்க்கார் பார்த்துச் சரி சொன்னது என்றுதானே அர்த்தம்?

நிதானமாகப் படி. அவசரமில்லை.

துஆவுடன்,
அப்பா

---

சென்னை
30.9.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸலாம். தேர்வுக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது, அதனால் சுருக்கமாக.

இல்லை. அது பிறப்புச் சான்றிதழ் மாதிரி. இந்தத் தேதியில் இப்படி ஒரு கம்பெனி பிறந்தது என்று மட்டும் சொல்லும். பிறந்த பிள்ளை யோக்கியமாக வளரும் என்று எந்த ஆஸ்பத்திரியும் எழுதிக் கொடுப்பதில்லை. மக்களிடம் பணம் வசூலிக்கத் தனி அனுமதி வேண்டும். சிங்கத்தைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்.

இதை யார் கேட்டது?

மிளகு கொஞ்சம் எனக்கு வையுங்கள்.

ஆஷிகா

---

தருமபுரி
18.11.2024

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பதில் தாமதமாகிவிட்டது. இங்கே விடாத மழை. தொப்பூரில் லாரி கவிழ்ந்து ஏழு மணி நேரம் ரோடு அடைத்துவிட்டது. சேலத்திலிருந்து எனக்கு வந்த கண்ணாடி லோடும் அதில் மாட்டிக்கொண்டது. பாதி கண்ணாடி முழுசாக வந்தது, மீதி வைரமாக வந்தது. கடைச் சுவருக்கு வெள்ளையடித்தேன். திடீரென்று தோன்றியது, அடித்துவிட்டேன்.

நீ இரண்டாம் தேர்வு நன்றாக எழுதியதாக அம்மாவின் ஸ்பீக்கர் மூலம் ஊருக்கே தெரியும்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், சிரிக்காதே. எனக்கு ஒரு தேக்கு மரம் இருக்கிறது. 1996இல், கல்யாணமான புதிதில், ஒரு கம்பெனியில் வாங்கினேன். இருபது வருடத்தில் லட்சாதிபதி என்றார்கள். அதன் பத்திரம் ஹாலில் தொங்கும் மக்கா படத்துக்குப் பின்னால் இருக்கிறது. மரம் எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. எங்காவது என்னைத் தேடிக்கொண்டிருக்கும். உன் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். பூனைக்கு இருக்கிற புத்தி எல்லாருக்கும் இருப்பதில்லை.

குழப்பம் என்னவென்றால், இன்சூரன்சுக்கு ஒரு காவல், ஷேருக்கு ஒரு காவல், ஏலச்சீட்டுக்கு வேறு ஒருவர், டெபாசிட்டுக்கு வேறு ஒருவர். நாலு வாசலுக்கு நாலு வாட்ச்மேன். குடகில் உன் பேரில் மிளகுக்கொடி வளர்க்கிறேன், லாபத்தில் பங்கு தருகிறேன் என்று ஒருவன் வந்தால் அவன் எந்த வாசலில் வந்தவன்?

இன்னொன்று. இங்கே ஒரு டீக்கடைக்காரர், பாவம், அப்படி ஒரு கம்பெனியின் போர்டைத் தன் கடையில் மாட்டவிட்டார். ஒரு பைசா வசூலிக்கவில்லை, கமிஷன் வாங்கவில்லை. சுவர் மட்டும்தான் அவருடையது. அவர் மேல் ஏதாவது வருமா?

உடம்பைப் பார்த்துக்கொள். மழையில் நனையாதே.

அப்பா

---

சென்னை
2.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸலாம். இரண்டாம் தேர்விலும் தேறிவிட்டேன். ஜனவரி 16 மும்பையில் நேர்முகம். அதற்குப் பிறகு போலீஸ் விசாரணை, பிறகு வேலை, அல்லாஹ் நாடினால்.

உங்கள் தேக்கு மரத்துக்கு நான் சிரிக்கவில்லை. (கொஞ்சம் சிரித்தேன்.) அப்போது தேக்கு, ஆடு என்று நூற்றுக்கணக்கான கம்பெனிகள் வசூல் செய்தன. யார் வாசல் என்று யாருக்கும் தெரியவில்லை, அப்பா. உங்கள் குழப்பம்தான் அன்றைக்கு அரசாங்கத்துக்கும். 1999இல்தான் அது செபியின் வாசல் என்று விதி போட்டார்கள். மிளகுக்கொடியும் அதே வாசல்தான். செபியில் பதியாமல் வசூலித்தால் குற்றம்.

டீக்கடைக்காரர் போய்த் தானாகச் சொல்ல வேண்டும். யார் மாட்டினார்கள், எப்போது, யார் யார் பார்த்துச் சேர்ந்தார்கள் என்று. சுவரைக் கொடுத்தது தெரியாமல் செய்தது. வெள்ளையடிப்பது தெரிந்து செய்வது.

பாப்பாரப்பட்டி டீக்கடைகள் எல்லாம் எனக்குத் தெரியும். எந்தக் கடை? ஆகஸ்டில் நாற்பது பிரேம் ஆர்டர் கொடுத்தவர் எந்தக் கம்பெனி?

ஆஷிகா

---

தருமபுரி
23.12.2024

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நேர்முகத்துக்குப் போகும்போது குளிருக்குச் சால்வை எடுத்துக்கொள். மும்பையில் குளிராது என்று சொல்கிறார்கள், ஆனால் அலுவலகத்துக்குள் ஏசி இருக்கும்.

டீக்கடைக்காரர் ஊரில் இல்லை.

போலீஸ் விசாரணை என்றாயே, அதில் உன்னைப் பற்றி மட்டும் கேட்பார்களா, வீட்டில் இருப்பவர்களைப் பற்றியும் கேட்பார்களா? தகப்பன் பேர் ஏதாவது புகாரில் இருந்தால், சும்மா சாட்சியாகத்தான் என்றாலும், அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள்? பொதுவாகக் கேட்கிறேன். நம் கடைத்தெரு ஆட்களின் பிள்ளைகளும் பரீட்சை எழுதுகிறார்கள்.

மிளகு உனக்கென்று தனி டப்பாவில் வைத்திருக்கிறேன். இந்த வருடம் இதற்கு மேல் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

துஆவுடன்,
அப்பா

---

சென்னை
4.1.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸலாம். நலமா என்று இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

நேற்று அம்மா ஸ்பீக்கரில் சொன்னது: "துணி எடுக்கத் தருமபுரி போனவ கடைக்கும் போனேன். நடுச் சுவத்துல ஒத்த ஆணி மட்டும் மொட்டையா நிக்குது. காலண்டர் மாட்டலாம்னு கைய வெச்சேன், உங்கப்பா வெடுக்குன்னு புடிச்சு இழுத்துட்டாரு. இருபத்தெட்டு வருசத்துல என்னைய அப்படி இழுத்ததே இல்ல."

அந்த ஆணியில் என்ன இருந்தது, அப்பா?

ஆஷிகா

---

தருமபுரி
17.1.2025

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நேற்று உன் நேர்முகம் முடிந்திருக்கும். முடியட்டும் என்றுதான் காத்திருந்தேன்.

அந்த ஆணியில் மலைக்கொடி அக்ரோ லிமிடெட் என்கிற கம்பெனியின் சிங்கம் போட்ட சான்றிதழ் இருந்தது. டீக்கடைக்காரர் என்று யாரும் கிடையாது. நான் டீ மட்டும்தான் குடிக்கிறேன்.

நாற்பது பிரேமும் சேர்ந்தவர்களுக்குக் கொடுக்கிற பத்திரத்துக்கு. நாற்பத்தொன்றாவதாக அவர்கள் சான்றிதழையும் போட்டுக் கொடுத்தேன். மாதவராஜ் பார்த்துவிட்டு, "பாய், இவ்வளவு நல்லா இருக்குது, ஒரு நகல் உங்க கடையிலயே இருக்கட்டுங்க. உங்க வேலைக்கும் விளம்பரம்" என்றார். என் வேலையைப் புகழ்ந்தால் நான் சுவரையே கழற்றிக் கொடுத்துவிடுவேன், உனக்குத் தெரியும். நகலிலும் அவரே கையெழுத்துப் போட்டார். நடுச் சுவரில், லைட்டுக்கு நேராக மாட்டினேன். வருகிறவர்கள் எல்லாம் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

நவம்பர் முதல் வாரம் கம்பெனியின் தருமபுரி அலுவலகம் பூட்டிவிட்டது. மாதவராஜ் போனை எடுப்பதில்லை. ஒரு காலை தீர்த்தம்மாள் வந்தார். கோணிப்பையிலிருந்து கம்பெனிப் பத்திரத்துக்கு நான் போட்ட பிரேமை எடுத்து மேசைமேல் வைத்தார். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. வத்தல்மலையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"பாய், ஆபீஸ் பூட்டிக் கெடக்குதுங்க."

"ஆமாங்க அம்மா."

"குடகுல என் பேர்ல கொடி இருக்குதுங்களா, இல்லீங்களா?"

"எனக்குத் தெரியலீங்க."

"உங்களுக்குத் தெரியும்னுதானுங்களே நான் குடுத்தேன்."

ஆஷிகா, வத்தல்மலையில் சொந்தமாக மிளகு வளர்க்கிறவர் குடகில் மிளகுக்கொடி ஏன் வாங்கினார் என்று எனக்கும் விளங்கவில்லைதான். கேட்டேன். "அன்னைக்கு அவரு போட்டோ வாங்க வந்தப்ப இது என்னங்கன்னு கேட்டேன். சர்க்கார் பதிவு பண்ண கம்பெனிங்க, சிங்கம் போட்டிருக்குது பாருங்கன்னு சொன்னீங்க. மறந்துட்டீங்களா?" என்றார்.

மறக்கவில்லை. அந்த ஒரு வாக்கியம் நான் சொன்னது. சுவர் சொல்லவில்லை. இன்சூரன்சில் வந்த பணத்தை முழுதாகக் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறார். இத்தனை வருடமாக இத்தனை பேர் சட்டம் போட்டுக் காப்பாற்றி அவர் கையில் கொண்டுவந்து சேர்த்ததை, நான் ஒரு வாக்கியத்தில் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

அவர் போனதும் சான்றிதழைக் கழற்றிப் பரணில் வைத்தேன். சுவரில் சதுரமாக ஒரு தடம் தெரிந்தது. அதற்குத்தான் வெள்ளை. ஆணியைப் பிடுங்கக் கை வரவில்லை, ஏன் என்று கேட்காதே.

இதுவரை முப்பத்தொரு பிரேம் திரும்பி வந்துவிட்டது. பத்திரத்தை எடுத்துக்கொண்டு பிரேமை என்னிடமே விட்டுப் போகிறார்கள். புகார் கொடுக்கப் போகிறார்கள். பத்திரங்களில் இருப்பது அச்சடித்த கையெழுத்து. மாதவராஜ் தன் கையால் போட்ட கையெழுத்து என்னிடம் இருக்கிற நகலில்தான். இரண்டு முறை தீர்த்தம்மாள் வந்து, "நீங்களும் வாங்க பாய்" என்று கூப்பிட்டார். முழங்கால் வலி என்றேன். என் முழங்கால் முதன்முறையாக எனக்கு உதவியது.

உன் விசாரணைக்குப் பயந்துதான். சந்தையைக் காவல் காக்கிற அலுவலகத்துக்குப் போகிற பெண்ணின் தகப்பன் இப்படி ஒரு கேசில் என்றால் என்ன ஆகும்? உனக்காகத்தான் ஒளித்தேன் என்று எழுதிப் பார்த்தேன். எழுதிய பிறகு அது முழு உண்மையாகவும் தெரியவில்லை, முழுப் பொய்யாகவும் தெரியவில்லை. கொஞ்சம் எனக்காகவும்தான்.

திங்கட்கிழமை பொருளாதாரக் குற்றப் பிரிவு அலுவலகத்துக்கு அவரோடு போகிறேன். உன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் இன்னொரு சாக்குக் கிடைத்துவிடும். உன் வேலைக்கு இதனால் ஏதாவது ஆனால் என்னை மன்னித்துவிடு.

அப்பா

---

மும்பை
18.1.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸலாம். ரயிலுக்கு நேரமிருக்கிறது. ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்கள் இன்னும் எனக்கு எழுதவில்லை என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நேர்முகத்தில் வருடங்கள் எல்லாம் கேட்டார்கள். 1938, 1947, 1956, 1992, 1999. உங்களுக்கு எழுதி எழுதியே மனப்பாடமாகியிருந்தது. கடைசியாக ஓர் அம்மையார், "இத்தனை சட்டமும் இத்தனை அலுவலகமும் இருந்தும் மக்கள் ஏன் பதிவில்லாத இடத்தில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்?" என்று கேட்டார். பேராசை, விழிப்புணர்வு இல்லை என்று ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். அதைச் சொல்லவில்லை.

"எங்கப்பா தருமபுரியில் பிரேம் கடை வைத்திருக்கிறார். அப்படி ஒரு கம்பெனியின் பதிவுச் சான்றிதழைக் கடையில் மாட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். அவரும் அதைப் பார்த்துச் சேர்ந்தவர்களும் பேராசைக்காரர்கள் இல்லை. அரசாங்கம் பதிவு செய்தது என்றால் அரசாங்கம் பார்த்துக்கொண்டது என்று நம்புகிறவர்கள். நாற்பத்தைந்து வருடம் அப்படித்தான் இருந்தது. மாறிவிட்டது என்று யாரும் அவர்களிடம் வந்து சொல்லவில்லை" என்றேன்.

ஐந்து பேரில் ஒருவர் என் பைலை மூடினார். பிறகு நன்றி, போகலாம் என்றார்கள். அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. உங்களைக் கேட்காமல் உங்களைச் சொல்லிவிட்டேன். என் ஊகம் தப்பு என்றால் திட்டுங்கள். சரி என்றால் போய்ச் சொல்லுங்கள். என்னைக் காரணம் காட்டாதீர்கள்.

ஆஷிகா

---

தருமபுரி
9.4.2025

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நம் கடிதங்கள் இரண்டும் வழியில் எங்கோ ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு போயிருக்கின்றன. நீ தேர்வானதை ஸ்பீக்கரில் கேட்டதிலிருந்து தெரு முழுக்க உன் அம்மாதான் செபி.

போனில் சொல்லாத இரண்டு விஷயம் இருக்கிறது.

ஒன்று, அந்த ஆணி. நீ செப்டம்பரில் எழுதினாயே, பிறப்புச் சான்றிதழ் மாதிரி என்று, அந்தக் கடிதத்துக்கு பிரேம் போட்டு மாட்டிவிட்டேன். திரும்பி வந்த முப்பத்தொன்றில் ஒரு பிரேம். கீழே மிளகு கேட்டு எழுதிய வரியை மடித்து உள்ளே விட்டேன். வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். "இது சர்க்கார் போட்டதுங்களா பாய்?" என்கிறார்கள். இல்லை, என் மகள் எழுதியது என்றால் ஒருவர், "அதானே, சிங்கத்தக் காணோமே" என்று சொல்லிவிட்டுப் போகிறார். நான் என்னதான் செய்வது என்று சொல். தீர்த்தம்மாள் மட்டும் படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். "இன்னொருக்கா படிங்க" என்றார். அவர் பணம் திரும்பி வருமா என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் வாக்குமூலம் ஒன்பது பக்கம். அதில் நான் சொன்ன அந்தச் சிங்க வாக்கியமும் இருக்கிறது. நானே சொல்லி எழுத வைத்தேன்.

இரண்டு, நேற்று ஒரு போலீஸ்காரர் கடைக்கு வந்தார். "ஆஷிகா உங்க பொண்ணுங்களா? விசாரணைக்கு வந்திருக்கேன்" என்றார். ஸ்டூல் போட்டேன். உன் படிப்பு, பழக்கம் எல்லாம் கேட்டார். பிறகு, "நீங்கதான் அந்த மலைக்கொடி கேஸ்ல வர்ற பாய்ங்களா?" என்றார். ஆமாங்க என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் சுவரைப் பார்த்தார். எழுந்து பக்கத்தில் போய் மெதுவாகப் படித்தார். "யார் எழுதுனது?" என்றார்.

"நீங்க விசாரிக்க வந்த பொண்ணுதாங்க."

நின்றபடியே நோட்டுப் புத்தகத்தை எடுத்து ஏதோ எழுதினார். ரொம்ப நேரம் எழுதினார். உன்னைப் பற்றியா, என்னைப் பற்றியா, இல்லை அந்தச் சுவரில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதிக்கொண்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. போகும்போது ஒன்று மட்டும் சொன்னார். அவர் மனைவியின் அண்ணன், யாரோ ஒருவன் பேச்சைக் கேட்டு எதிலோ சேரப்போகிறாராம். "அனுப்பி வெக்கிறேன் பாய், அவருக்கும் இத ஒருக்கா படிச்சுக் காட்டுங்க" என்றார்.

மிளகு டப்பா அப்படியே இருக்கிறது. வரும்போது எடுத்துக்கொள். மக்கா படத்துக்குப் பின்னால் கை விடாதே. தேக்கு மரத்தை அம்மாவிடம் நானே சொல்கிறேன். ஒவ்வொரு வாக்குமூலமாகத்தான் முடியும்.

துஆவுடன்,
அப்பா நூர் பாஷா